ஆமென் சொல்லாதவர்

எங்கள் சபையில் ஆமென் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பெரம்பலூரில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துபோகும். அப்புறம் எவராவது அவரிடமே போய் "உங்களைப் பத்தி எழுதியிருக்காங்களாமே" என்று கேட்டுவைப்பார்கள். அவர் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

ஜெபம் முடிகிறபோது "அப்படியே ஆகட்டும்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்வதுதான் ஆமென். எங்கள் சபைக்கு அது நாக்கிலேயே குடியிருந்த சொல். துறையூர் ரோட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஹால் எங்களுடையது. பாஸ்டர் மேடையில் நின்று "சைக்கிளை வழியில நிறுத்தாதீங்க" என்று சொன்னாலும் ஆமென் என்போம். ஒருதரம் மைக்கைத் தட்டி "கேக்குதா?" என்றார். அதற்கும் சொன்னோம். அவர் மட்டும் பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில், தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

திமிர் என்றார்கள் சிலர். கவர்மெண்ட் சம்பளம், அந்தக் கொழுப்பு என்றார்கள். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார். போன் வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னால் மறுமுனையில் எடுப்பவர் அவர்தான். கணவருக்கு உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம். வாரக் கடைசியில் வருவார். பிள்ளைகள் கிடையாது. "நாளைக்குள்ள சரியாயிடும்" என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. "எனக்குத் தெரியாதுங்க. லைன்மேன் போயிருக்காரு, வந்ததும் சொல்றேன்" என்பார். சொல்லவும் செய்வார். போன்தான் செத்துக் கிடக்கிறதே, அதனால் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நேரிலேயே வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்.

சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால்கூட "இப்ப சொல்ல முடியாது" என்பார். இது ஒரு பதிலா? என் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா பால்வாடி டீச்சர். எதற்கும் "சரிங்க, ஆகட்டும்ங்க" என்று சொல்லியே பழகியவள்.

அவர் ஆமென் சொன்ன நாட்களும் உண்டு. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். வீட்டில் கைக்குழந்தை. "ஆண்டவரே, அந்தக் குடும்பத்தை நீர் விசாரியும்" என்று பாஸ்டர் ஜெபித்து முடித்தார். நாங்கள் வழக்கம்போல் ஆமென் போட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து, எல்லோரும் முடித்த பிறகு, ஒற்றைக் குரலாக "ஆமென்" என்று வந்தது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் விடிந்ததும் அவர் அந்த வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் எழுந்து நடமாடுகிற வரை டியூட்டிக்கு முன்னால் தினமும் போனார், துணி துவைத்தார், கஞ்சி வைத்தார். அவருக்கு அது தர்மம் இல்லை. ஆமென் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பாஸ்டரே ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்ததும் முதலில் கடைசிப் பாயைத்தான் பார்ப்பார். அங்கே வாய் அசைந்தால் காரியம் பாதி முடிந்த மாதிரி. அசையாவிட்டால் மனுஷனுக்கு முகம் சின்னதாகிவிடும்.

அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏங்க்கா, வாயைத் திறந்து ஒரு ஆமென் சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"அந்தக் காலத்துல வெளியூருக்குப் பேச டிரங்க்கால் போட்டுக் குடுப்போம் டீச்சர். லைன் குடுத்துட்டு நாம பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட முடியாது. பேசி முடிக்கிற வரைக்கும் ஒக்காந்திருக்கணும். எனக்கு ஆமென்னும் அப்படித்தான். ஒக்காந்திருக்க முடியுமான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

இதைக் கேட்டுவிட்டு அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்துவிட வேண்டாம். பிரசங்கத்தில் தூங்குவார், குறட்டையும் விடுவார். பஸ்ஸில் கைக்குட்டை போட்டுப் பிடித்த சீட்டுக்காக ஊரே கேட்கிற மாதிரி சண்டை போடுவார். யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், எதனால் தட்டிப்போனது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் சுவிசேஷம் வாசிக்கும்போது மட்டும் விழித்துக்கொள்வார். அதிலும் நடக்க முடியாதவனை நாலு பேர் தூக்கிவந்து, கூட்டத்தில் நுழைய வழியில்லாமல் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கிய கதை வந்தால் முகமே மாறிவிடும்.

"படுத்திருந்தவன் வாயே திறக்கலை பாருங்க" என்பார். "அவனுக்கு நம்பிக்கை இருந்துச்சா இல்லையான்னு யாரும் கேக்கலை. அடுத்தவன் வூட்டுக் கூரையப் பிரிச்சானுங்களே, அதைத்தான் ஆண்டவரு விசுவாசம்னு பாத்தாரு. வேதத்துல விசுவாசம்னு வர்ற எடத்துல எல்லாம் யாராவது கெளம்பிப் போறாங்க டீச்சர். கூட்டத்துல முண்டியடிச்சுப் போயித் துணியத் தொடுறா ஒருத்தி. போற ஊரு தெரியாமலே மூட்டையக் கட்டுறாரு ஒரு பெரியவரு. சும்மா ஒக்காந்துக்கிட்டு நம்புனவங்க யாரு இருக்கா, சொல்லுங்க."

வேதத்தை அம்மாவும் தலைகீழாய்ப் படித்தவள்தான், இவர் சொல்கிற விதம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

என் தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், பிழைப்போமா என்று ஆகிவிட்டதாம். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் ஆண்டவருடைய ஊழியத்துக்கே ஒப்புக்கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். எங்களில் இது சாதாரணம். அப்பா நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே இறந்துவிட்டார். நான் டிகிரி முடித்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தம்பி பிளஸ் டூ முடித்ததும், அம்மா அவனைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய், வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பப்போவதாகச் சபையில் சொன்னாள். ஹால் அதிர ஆமென் எழுந்தது. கடைசிப் பாயிலிருந்து வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் நேராக வந்தார். அம்மாவைப் பார்க்கவே இல்லை, தம்பியிடம் கேட்டார். "ஒனக்கு இஷ்டமாடா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவன் பொறக்குறதுக்கு முந்தியே முடிவானதுங்க அது" என்றாள்.

"அதான் அவன்கிட்ட கேக்குறேன்" என்றார் அவர்.

கல்லூரி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். காலையில் பார்த்தால் படுக்கை சுருட்டி வைத்திருந்தது, இரண்டு சட்டையும் லுங்கியும் இல்லை. போலீசில் புகார் கொடுத்தோம். திருச்சியில் சொந்தக்காரர்களைக் கேட்டோம். நான் அவன் போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்களிடம் எல்லாம் காட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையில் உபவாசக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல், கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். கேட்டது கிடைத்தாயிற்று என்று நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள், சொன்னபின் தேடினால் அது அவிசுவாசம் என்று பிரசங்கம் பண்ணினார். அம்மா எழுந்து நின்றாள். "காணாமல் போன என் மகனைத் திருப்பித் தந்தீரே, அதுக்காக ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொன்னாள். ஆமென் என்று கூட்டம் முழங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிரசங்கியார் கையை உயர்த்தி நிறுத்தினார். "கடைசியில கண்ணாடி போட்ட அம்மா. எல்லாரும் சொன்னாங்க, நீங்க சொல்லலையே. விசுவாசம் இல்லையா?"

அவர் மெதுவாக எழுந்தார். "இருக்குதுங்கய்யா."

"அப்ப சொல்றதுக்கு என்ன?"

"வரணும்னு கேக்கச் சொல்லுங்க, சொல்றேன். வந்துட்டான்னு சொன்னா எப்படிங்க? பையன் வூட்டுல இல்லையே."

பிரசங்கியார் என்னவோ சொல்லிச் சமாளித்துப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் வெளியே குழாயடியில் அம்மா, ஆமென் சொல்லாதவரைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க வாயாலதான் எம்புள்ள வராம கெடக்குறான். இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அம்மா தேடுவதை நிறுத்திவிட்டாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விசாரிக்கக் கூடாது. சொந்தக்காரர்களைக் கேட்கக் கூடாது. என் கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "வந்துட்டான்னு சொன்னதுக்கப்புறம் தேடினா, ஆண்டவர் பொய் சொன்னாருன்னு ஆயிடும்டி" என்றாள். என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது, அவனைத் தேடவும் கூடாது. எனக்கு அம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. சபையில் சிரித்த முகமாக இருப்பாள், வீட்டுக்கு வந்தால் கேட் சத்தம் கேட்கிற போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டு எழுவாள். மழைக்காலம் வந்தது, போனது. அவள் சரியாகச் சாப்பிட்டோ தூங்கியோ நான் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் வந்து நின்றார். வரவேண்டாம் என்று சொன்ன வீடு என்கிற கூச்சமெல்லாம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஜெபம் பண்ணுங்க டீச்சர். நான் கேக்குறேன்" என்றார்.

அம்மா அவரை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லையோ என்னவோ. எதிரில் முழங்கால் போட்டு முக்காடிட்டுக்கொண்டாள். "என் மகனைத் திருப்பித் தந்தீரே, ஸ்தோத்திரம். நல்ல சுகத்தோட கொண்டுவந்தீரே, ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள். அவர் அசையவில்லை. அம்மா இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவர் அப்படியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் தேய்ந்து நின்றுபோனது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு நம்ப முடியலை ஆண்டவரே" என்றாள் அம்மா. "அவன் செத்துட்டான்னுதான் தெனமும் தோணுது. ஸ்தோத்திரம் சொல்லச் சொல்ல அப்படித்தான் தோணுது. என்னால முடியலை. எனக்கு எம்புள்ள வேணும்."

"ஆமென்" என்றார் அவர்.

அம்மா கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். "இதுக்கா சொல்றீங்க? இது அவிசுவாசங்க்கா."

"வலிப்பு வந்த புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தானே ஒரு அப்பன், அவன் என்னா சொன்னான்? நம்புறேன், ஆனா முழுசா முடியலை, அந்தக் கொறைக்கு நீரே ஒத்தாசை பண்ணும்னுதானே அழுதான். போயி முழுசா நம்பிட்டு வான்னு அவனத் திருப்பி அனுப்பலையே. புள்ளைக்குச் சொகமாச்சுல்ல." எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "போட்டோவ எடுங்க. அவனுக்கு என்னா புடிக்கும்?"

அம்மா விழித்தாள். நான்தான் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே மண் வாருகிற மெஷின் என்றால் உயிர் அவனுக்கு. ரோட்டு வேலை நடந்தால் பள்ளிக்கூடம் போகாமல் நின்று பார்த்து அடி வாங்குவான்.

"அப்ப அரியலூர்ப் பக்கம்தான். சுண்ணாம்புக்கல் எடுக்குற எடமெல்லாம் மெஷினாத்தானே நிக்குது. வா புள்ள, பஸ்ஸப் பிடிப்போம்" என்றார்.

மூன்று பேரும் அரியலூர் போய், அங்கிருந்து செந்துறை போகிற பஸ்ஸில் ஏறி, கல் லாரிகள் திரும்புகிற முனையில் இறங்கினோம். டீக்கடையில் நின்ற டிரைவர்களிடம் அவர் போட்டோவை நீட்டினார். வெட்கம், தயக்கம் எதுவும் கிடையாது. குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைக்கச் சொல்லிப் பார்க்கவைத்தார். தெரியாது என்றவர்களை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனோம். அங்கே ஒரு டிரைவர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பொக்லைன் ஆப்பரேட்டர்கூட ஒரு பையன் நிக்கிறான். பெரம்பலூர்க்காரன்னு சொன்னான். இப்ப மீசை வச்சிருக்கான்" என்றார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அப்புறம் இன்னொரு பஸ், கொஞ்சம் நடை. இவ்வளவு பக்கத்தில் இருந்தவனைத்தான் இத்தனை மாதம் தேடாமல் இருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கல் குவாரி வாசலில் இருந்த காவலாளி உள்ளே சொல்லியனுப்பினார். தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு தம்பி வந்தான். எங்களைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று யோசித்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் அம்மா போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

அடிக்கவில்லை, திட்டவில்லை. பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

"அந்தக் காலேஜுக்கு நான் போகமாட்டேம்மா" என்றான் அவன்.

"போக வேண்டாம்டா."

"இங்க வேலை கத்துக்கிட்டிருக்கேன். பாதியில விட்டுட்டு வர முடியாது. இப்ப மெஷின் நிக்குது, ஆப்பரேட்டர் அண்ணன் சத்தம் போடுவாரு. ஞாயித்துக்கெழமை லீவு. வூட்டுக்கு வரேன்."

அம்மா விடவில்லை. விட்டால் அவன் மறுபடியும் எங்கேயாவது போய்விட்டால்? அம்மா அப்படித்தான் நினைத்திருப்பாள், நானும் அதைத்தான் நினைத்தேன். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து ஏதாவது வருமா என்று பார்த்தாள்.

"என்னய ஏன் பாக்குறீங்க டீச்சர்?" என்றார் அவர். "சொன்னது அவன். அவனப் பாருங்க."

அம்மா அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கையை விட்டாள்.

திரும்புகிற பஸ் பேரளியைத் தாண்டியது. பிறகு அம்மா, "ஆண்டவருக்கு நேந்துக்கிட்டேனேக்கா. அதுக்கு என்னா பண்ணுறது?" என்றாள்.

"நேந்துக்கிட்டது யாரு, நீங்களா அவனா?"

"நான்தான்."

"அப்ப நீங்க போங்க ஊழியத்துக்கு" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அம்மா முதலில் முறைத்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் உண்மையிலேயே போனாள். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிற வரை இரண்டு பேரும் வாராவாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், யாரும் பார்க்க வராத நோயாளிகளுக்குத் தலை வாரி, நகம் வெட்டி, கஞ்சி கொடுத்துவிட்டு வருவார்கள். வழியெல்லாம் சண்டையும் போடுவார்கள்.

தம்பி வருவதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். அவரும் வந்துவிட்டார். வருகிறேன் என்று முன்னாடி சொன்னால்தானே. மணி ஒன்று ஆனது, இரண்டு ஆனது. அவர் கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"செந்துறை பஸ்ஸு சில நேரம் வராதுங்க டீச்சர். அந்த ஆப்பரேட்டர் லீவு குடுத்தானோ என்னமோ. நான் போயி பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு வந்துரட்டா?"

"ஒக்காருங்கக்கா. வரேன்னு சொல்லியிருக்கான்ல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். சும்மா கண்ணை மூடியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, நல்ல தூக்கம்.

நானும் அவரும் கேட்டருகில் நின்றோம். மூன்று மணிக்கு மேல் தெருமுனையில் அவன் தலை தெரிந்தது. குளித்துத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வேகவேகமாக நடந்து வந்தான். "பஸ்ஸு பஞ்சர்" என்று அங்கிருந்தே கத்த வாயெடுத்தான். அவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினார்.

"கத்தாதடா. ஒங்கம்மா தூங்குது. செருப்பக் கழட்டிட்டு மெதுவா போ. எழுப்பாத."

அவன் பூனை மாதிரி உள்ளே போய், அம்மாவின் தலைமாட்டில் சுவரோரமாக உட்கார்ந்தான். அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.